ஓமத் தீநீரும் ஜின்னும்

நிறமற்ற திரவத்தின் புதிர்

குழந்தைக்கு வயிற்றுப் பொருமல் கண்டால் நாட்டு மருந்துக் கடைக்கு ஆளனுப்பி ஓமவாட்டர் வாங்கிவரும் வழக்கம் பூந்தமல்லி, அம்பத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் இன்றும் மறைந்துவிடவில்லை. அந்தப் புட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்கக் கூடும். உள்ளே இருப்பது குழாய் நீரைப் போலத் தெளிந்த திரவம். வண்டல் இல்லை, நிறம் இல்லை. ஆயினும் ஒரு கரண்டி வாயில் விட்ட மாத்திரத்தில் ஓமத்தின் காரமும் மணமும் நாசி வரை ஏறி நிற்கின்றன. அதே ஓமத்தை வீட்டில் தண்ணீரிலிட்டுக் காய்ச்சினாலோ, கிடைப்பது பழுப்பேறிய, கலங்கிய, சற்றே கசக்கும் கஷாயம். சரக்கும் ஒன்று, தண்ணீரும் ஒன்று, நெருப்பும் ஒன்று என்றிருக்க, ஒன்றில் நிறம் எங்கே போயிற்று, மணம் மட்டும் எப்படித் தங்கிற்று?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர், ஐரோப்பாவில் பிறந்து உலகெங்கும் பரவிய ஜின் என்னும் மதுவின் இரகசியத்தில் பாதியை அறிந்தவராவார். ஓமவாட்டரில் தண்ணீர் இருக்குமிடத்தில் ஜின்னில் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து நிற்கின்றன, ஓமம் இருக்குமிடத்தில் ஜூனிப்பர் என்ற குளிர்நாட்டுச் செடியின் காயும் வேறு சில வாசனைச் சரக்குகளும் நிற்கின்றன, செய்முறை ஒன்றுதான். மீதிப் பாதி வேறொரு கேள்வி. பல தேசத்துப் புட்டிகளை வரிசையாக வைத்தால் எல்லாம் பச்சைத் தண்ணீராகவே தோன்றும்போது, இது வறண்ட சுவை, இது மலர் வாசம், இது மிளகுக் காரம் என்று ருசிகர் சொல்லும் பேதங்கள் திரவத்தில் உள்ளவையா, அல்லது விலைச் சீட்டில் உள்ளவையா? மது அருந்தாத வாசகரும் இந்த அத்தியாயத்தைத் தயக்கமின்றிப் படிக்கலாம். இதில் வரும் சோதனைகளில் முக்கியமானவற்றை மதுவின்றியே செய்து பார்க்க இயலும்.

வாலை செய்யும் பிரிவினை

ஒரு பாத்திரத்தில் சரக்கையும் நீரையும் இட்டுக் கொதிக்க வைத்து, எழும் ஆவியைக் குழாய் வழியே குளிரச் செய்து, சொட்டும் திரவத்தை வேறொரு கலத்தில் பிடிக்கும் கருவியைச் சித்த வைத்தியர்கள் வாலை என்றும், அவ்வாறு வடித்த மருந்தைத் தீநீர் என்றும் வழங்கினார்கள். ஓமவாட்டர் அத்தகைய தீநீர்களில் ஒன்று. நிறத்தைத் தரும் பொருள்களும், கசப்பையும் துவர்ப்பையும் தரும் பொருள்களும், சர்க்கரையும் ஆவியாகப் பறக்கும் இயல்பற்றவையாதலால் அவை அடிப்பாத்திரத்திலேயே தங்கிவிடுகின்றன. மணம் தரும் எண்ணெய்கள் மட்டும் ஆவியோடு சேர்ந்து குழாயைக் கடக்கின்றன.

இங்கே கூர்மையான வாசகர் ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். ஓமத்தின் மணத்துக்கு மூலமான தைமால் கொதிப்பதற்கு ஏறக்குறைய 232 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; தண்ணீரோ 100 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது; அப்படியிருக்கத் தைமால் எப்படி ஆவியாயிற்று? கொதித்தால்தான் ஒரு பொருள் ஆவியாகும் என்று எண்ணுவதால் எழும் மயக்கம் இது. ஆவடியில் மொட்டை மாடியில் உலர்த்திய வேட்டியின் ஈரம் கொதித்தா போகிறது? எந்த வெப்பநிலையிலும் திரவத்தின் மேற்பரப்பிலிருந்து சில மூலக்கூறுகள் தப்பிக்கொண்டேதான் இருக்கின்றன. கொதிக்கும் நீரின் ஆவி இடைவிடாமல் மேலெழும்போது, அவ்வாறு தப்பிய தைமால் மூலக்கூறுகள், மாலை வேளையில் அம்பத்தூர் நிலையத்து ஜனத்திரளில் அகப்பட்டவன் தன் கால்வலிமை பாராமலே படியேறி வெளியே வந்து சேர்வது போல, அந்த ஆவியோடு குழாய்க்குள் சென்றுவிடுகின்றன.

இதிலிருந்து ஜின்னைப் பற்றிய முதல் உண்மை கிடைக்கிறது. வாலையைக் கடந்து வந்த திரவத்தில் சரக்குகளின் மணம் உண்டே தவிர, நாவால் மட்டும் அறியத்தக்க சுவை ஏறக்குறைய இல்லை. ஜின் செய்வோர் பலர் அதிமதுரத்தைச் சேர்க்கிறார்கள். ஆனால் அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் பளுவான மூலக்கூறாதலால் வாலையில் ஏறுவதில்லை. ஆகவே வடித்த ஜின் ஒன்றில் இனிப்பு நாவில் திட்டமாகத் தட்டுமாயின், வடித்த பிற்பாடு யாரோ சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

ஜூனிப்பரும் அதன் தோழர்களும்

ஜூனிப்பர் தமிழ்நாட்டுச் சமவெளியில் வளர்வதன்று. ஐரோப்பியக் குன்றுகளிலும் இமயத்தின் உயர்ந்த சாரல்களிலும் வளரும் ஊசியிலைச் செடி. அதன் கருநீலக் காயைப் பழமென்றே யாவரும் சொன்னாலும், தாவர சாஸ்திரப்படி அது பைன் மரத்தின் கூம்பைப் போன்ற ஒரு கூம்புதான். செதில்கள் சதைப்பற்றுடன் ஒட்டிக்கொண்டதால் பழம் போலத் தோன்றுகிறது. அதன் எண்ணெயில் முதன்மையாக நிற்பது பைனீன் என்ற பொருள். பெயின்ட் கடையில் விற்கும் டர்பன்டைனிலும் அதுவே மிகுந்திருப்பதால், நல்ல ஜின்னை முதன்முதல் முகர்ந்தவர் பைன் மரப் பிசினை நினைத்துக்கொள்வது இயற்கை.

ஜூனிப்பரின் மணம் மேலோங்கி நிற்க வேண்டும் என்பதும், ஆல்கஹால் கன அளவில் நூற்றுக்கு 37.5 பங்குக்குக் குறையலாகாது என்பதும் ஐரோப்பிய ஒன்றியம் ஜின்னுக்கு விதித்துள்ள இலக்கணம். இந்தியாவில் வடிக்கும் ஜின் புட்டிகளில் 42.8 என்ற எண்ணே பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும்.

ஜூனிப்பருக்கு அடுத்த ஸ்தானத்தை வகிப்பது எது என்று கேட்டால் தமிழர்களுக்கு வியப்பு உண்டாகலாம்: நம் சமையலறையிலுள்ள தனியாதான் அது. தனியா எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு லினலூல். மல்லிகைப் பூவின் வாசத்திலும் பங்குபெறும் பொருள் இது. இவ்விரண்டையும் தொடர்ந்து எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல், ஏலம், இலவங்கப்பட்டை, சாதிக்காய், வால்மிளகு, அதிமதுரம் ஆகியவை வருகின்றன. குளிர்நாட்டு வேர்களாகிய ஏஞ்சலிகாவையும் ஓரிஸையும் ஜூனிப்பரையும் நீக்கிவிட்டால், எஞ்சிய பட்டியலை எழுதி பூந்தமல்லி மளிகைக் கடையில் நீட்டி, கடைக்காரர் புருவம் உயர்த்தாமலே பொட்டலம் கட்டி வாங்கிவிடலாம்.

வகைகள் பிறந்த வரலாறு

ஜின்னின் மூதாதை ஹாலந்து தேசத்து ஜெனீவர். முளைகட்டிய பார்லி முதலிய தானியங்களை நொதிக்க வைத்துச் சாதாரண வாலையில் வடித்த சாராயமே அதற்கு அடிப்படையாதலால், தானியத்தின் மாவு மணம் அதில் நிலைத்து நிற்கும். ஜூனிப்பர் அதன்மேல் ஏறிய வாசனை மட்டுமே. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த இந்தப் பழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் ஏழைகளிடையே பெருங்கேடாக மூண்டு, 1736-லும் 1751-லும் பார்லிமென்ட் சட்டமியற்றித் தடுக்க வேண்டிய நிலைக்கு வந்தது. அக்காலத்துச் சாராயம் கரடுமுரடானது. அதன் துர்க்கந்தத்தை மறைக்கச் சர்க்கரை சேர்த்த வகை ஓல்டு டாம் என்று பெயர் பெற்றது.

1830-ல் ஈனியஸ் காபி என்பவர் காப்புரிமை பெற்ற தூண் வாலை இந்த நிலையை அடியோடு மாற்றிற்று. உயர்ந்த தூணுக்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஆவி குளிர்ந்து மறுபடி ஆவியாவதால், ஒரே ஓட்டத்தில் பலமுறை வடித்த தூய்மை கிட்டிவிடுகிறது. மணமும் குணமும் நீங்கிய அந்தத் தூய ஆல்கஹாலை வெறுஞ்சாராயம் என்று இங்கே குறிப்போம். மறைப்பதற்குத் துர்க்கந்தம் இல்லாதபோது சர்க்கரை எதற்கு? அதைக் கைவிட்டு, சரக்குகளின் மணத்தை மட்டும் நம்பிப் பிறந்ததே லண்டன் டிரை என்ற வறண்ட வகை. இன்றைய ஐரோப்பிய விதிப்படி லண்டன் ஜின் என்பது ஊரின் பெயரன்று, செய்முறையின் பெயர்: மணமெல்லாம் வாலை வழியாகவே வர வேண்டும், பின்னர் நிறம் சேர்க்கலாகாது, லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் இனிப்பும் சேர்க்கலாகாது. ஆகையால் கோவாவிலும் லண்டன் ஜின் வடிக்கலாம், வடிக்கவும் செய்கிறார்கள்.

சரக்கை வைக்கும் இடமும் பேதத்தை உண்டாக்குகிறது. பீஃபீட்டர் நிறுவனத்தார் ஒன்பது சரக்குகளைச் சாராயத்தில் ஒரு நாள் முழுதும் ஊறவைத்துப் பிறகு வடிக்கிறார்கள். பாம்பே சஃபயரில் பத்துச் சரக்குகளும் திரவத்தைத் தொடாமல், ஆவி செல்லும் வழியில் கூடைக்குள் அமர்ந்திருக்கின்றன. ஊறி வெந்த சரக்கு கனத்த மணங்களையும் விட்டுக்கொடுக்கும். ஆவியில் நனைந்தது மென்மையானவற்றையே முதலில் தரும். ரசம் கொதிக்கும்போதே தனியாவைப் போட்டவளும், இறக்கும் தருணத்தில் தூவியவளும் ஒரே மணத்தைப் பெறுவதில்லையென்று அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டுவதில்லை. வாலையே ஏற்றாமல் வாசனைத் தைலங்களை வெறுஞ்சாராயத்தில் கலந்து மலிவாகச் செய்யும் ஜின்னும் உலகில் ஏராளம்.

ஜூனிப்பரை அடக்கி, மலரையோ பழத்தையோ முன்னிறுத்தும் புதுமுறை ஜின்கள் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் பெருகியவை. ரோஜாவும் வெள்ளரியும் சேர்த்து 1999-ல் வெளிவந்த ஹெண்ட்ரிக்ஸ் அவற்றுக்கு வழிகாட்டிகளுள் ஒன்று.

இந்தியப் புட்டிகள்

நம் மாநிலத்தில் மதுவின் சரித்திரம் பெரும்பாலும் தடையின் சரித்திரமே. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று; 1971-ல் தளர்த்தப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் விதிக்கப்பட்டு, 1981-ல் மறுபடி தளர்த்தப்பட்டது. 1983-ல் மொத்த வியாபாரத்துக்கென அமைந்த டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. கம்பி வலைக்குப் பின்னாலிருந்து நீட்டும் புட்டியைப் பெற்றுக்கொண்டு நகர வேண்டிய இடத்தில், இரண்டை ஒப்பிட்டுத் தேறும் வழக்கம் வளர இடமில்லை.

இந்தியாவில் ஜின்னைப் பற்றிய புதிய அக்கறை கோவாவிலிருந்து கிளம்பிற்று. நாவோ ஸ்பிரிட்ஸ் என்ற நிறுவனம் 2017-ல் கிரேட்டர் தேன் என்ற லண்டன் வகை ஜின்னை வெளியிட்டது. அதே நிறுவனத்தின் ஹபுசா, இமயமலை ஜூனிப்பரை ஆதாரமாகக் கொண்டது. மஞ்சளும் மாங்காயும் அதன் சரக்குகளில் அடங்கும். 2018-ல் ஸ்ட்ரேஞ்சர் அண்டு சன்ஸ் கோவாவிலிருந்தும், ராடிகோ கேதானின் ஜெய்சல்மேர் வடக்கிலிருந்தும் வந்தன. ஆகவே ஒப்பிட விரும்புபவர் நான்கு திசைகளை மனத்தில் கொள்ளலாம்: தானிய மணமுள்ள ஜெனீவர், இனிப்புள்ள ஓல்டு டாம், ஜூனிப்பர் ஓங்கிய லண்டன் டிரை, பிற சரக்குகள் ஓங்கிய புதுமுறை. இந்தியப் புட்டிகள் பெரும்பாலும் பின்னிரண்டில் அடங்கும்.

நாவும் நாசியும் வாயெரிச்சலும்

நாக்கு அறியும் சுவைகள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, மாமிச ரசத்திலும் காளானிலும் உள்ள உமாமி என ஐந்தே என்பது தற்கால சாஸ்திரத்தின் முடிவு. மூக்கிலோ ஏறக்குறைய 400 வகை வாசனை உணர்விகள் உண்டு. அவற்றுக்குரிய மரபணுக்களை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991-ல் கண்டறிந்து 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள். வாயிலிட்ட பொருளின் மணம் தொண்டையின் பின்வழியாக நாசிக்கு ஏறுவதை நாம் நாக்கின் அநுபவமாகவே எண்ணிக்கொள்கிறோம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓமவாட்டரைச் சப்பிப் பாருங்கள்: லேசான உறைப்பைத் தவிர ஒன்றும் தெரியாது, விரலை எடுத்தவுடன் ஓமம் வந்து நிற்கும். ஜலதோஷ காலத்தில் ரசம் வெந்நீராகத் தோன்றுவதற்கும் காரணம் இதுவே.

உறைப்பு என்பது சுவையுமன்று, மணமுமன்று. அது ஒருவகை வலி. மிளகாய்க்காரம் எந்த உணர்வியைத் தூண்டுகிறது என்பதை 1997-ல் கண்டவர் டேவிட் ஜூலியஸ். 2021-ன் நோபல் பரிசு அவருக்கும் ஆர்டம் பட்டபூட்டியனுக்கும் கிடைத்தது. சாதாரணமாக அந்த உணர்வி ஏறக்குறைய 42 டிகிரி வெப்பத்தில்தான் விழித்துக்கொண்டு, சுடுகிறது என்று மூளைக்கு அறிவிக்கும். ஆல்கஹால் பட்டாலோ அந்த எல்லை 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் வாயின் வெப்பம் அதற்கு மேற்பட்டதாதலால், குளிர்ந்த மதுவும் வாயில் எரிகிறது. இந்த எரிச்சல் ஓங்கியிருக்கும்வரை தனியா எது, எலுமிச்சைத் தோல் எது என்று பிரித்தறிவது அசாத்தியம். தேர்ந்த ருசிகர் ஜின்னோடு சம அளவு தண்ணீர் சேர்ப்பதற்கு இதுவே நியாயம்: 42.8 என்ற வலிமை 21 அளவுக்கு இறங்கியதும் எரிச்சல் அடங்கி, மணம் தலைதூக்குகிறது.

சில ஜின்கள் தண்ணீர் பட்டவுடன் பால் போல லேசாகக் கலங்கும்; அது குற்றமன்று. ஆல்கஹாலில் கரைந்திருந்த எண்ணெய்கள், அதன் பங்கு குறைந்ததும் கரைய இடமின்றி நுண்துளிகளாகப் பிரிவதே அந்தக் கலக்கம்.

சென்னை வெயிலில் ஒப்பிடும் முறை

சித்திரை, வைகாசியில் அம்பத்தூரில் அறையின் வெப்பம் 35 டிகிரியைத் தொடுவது சர்வ சாதாரணம். அந்த வெப்பத்தில் குவளையிலிருந்து முதலில் குதித்தெழுவது ஆல்கஹால். மூக்கைத் தாக்கி மரத்துப்போகச் செய்வதும் அதுவே. பனிக்கட்டியைப் போட்டாலோ எண்ணெய்களின் ஆவி அடங்கி, எல்லா ஜின்னும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டுக்கும் நடுவே, 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில், எல்லாக் குவளைகளும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஆவடி, அம்பத்தூர்ப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உவர்ப்பு தென்படுவதுண்டாகையால், கலப்பதற்குக் கேன் தண்ணீரே உத்தமம். வெற்றிலை பாக்கும் புகையிலையும் அன்றைக்கு ஆகா.

திருவேற்காடு கருமாரியம்மன் சந்நிதித் தெருவில் பூக்கட்டுபவருக்கு மல்லிகை மணம் எட்டுவதில்லை. தெருவில் அப்போதுதான் நுழைந்த நமக்கோ அது மூச்சை நிரப்புகிறது. இடைவிடாத மணத்துக்கு நாசி சில நிமிஷங்களில் பழகி, அதை மூளைக்கு அறிவிப்பதையே நிறுத்திக்கொள்கிறது. ஆதலால் ஒவ்வொரு குவளைக்கும் இடையே சற்று எழுந்து வெளிக்காற்றை வாங்கிவருவது அவசியம்.

டானிக் தண்ணீரையும் ஒப்பிடும் வேளையில் விலக்க வேண்டும். அதன் கசப்பு குவினைன் தருவது. மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய அந்தக் குவினைனுக்காகவே 1860-களில் நீலகிரியில் சிங்கோனா மரங்கள் பயிராயின. நடுவட்டத்தில் அரசாங்கத் தொழிற்சாலையும் நடந்தது. ஜின்னோடு டானிக்கைக் கலக்கும் வழக்கம் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரிடையே வேரூன்றிய ஒன்று. ஆனால் வாலை அடியில் விட்டுவந்த கசப்பையும் சர்க்கரையையும் டானிக் மறுபடி கொண்டுவந்து சேர்த்துவிடுவதால், நுண்ணிய பேதங்கள் அதில் மூழ்கிவிடும்.

மூன்று குவளைச் சோதனை

இவ்வளவும் செய்த பிறகும், நாம் உணர்ந்த பேதம் மெய்யா, பெயர்ச்சீட்டின் மாயமா என்ற சந்தேகம் தீர்ந்தபாடில்லை. அதைத் தீர்க்கும் உபாயம் 1940-களில் கோபன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் ருசிகரைப் பொறுக்கியெடுக்கக் கையாண்ட ஒன்று. ஒருவர் முன்னே மூன்று குவளைகள். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. வேறாயிருப்பது எது என்று மட்டும் அவர் சொல்ல வேண்டும். எது உயர்ந்தது என்றோ, எதன் விலை அதிகம் என்றோ யாரும் கேட்பதில்லை.

ஆவடியில் ஒரு மாடி வீட்டில், சட்டம் விதித்த 21 வயதைக் கடந்த ஆறு நண்பர்கள் கூடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு லண்டன் டிரையும் ஒரு புதுமுறை ஜின்னும் ஒப்பிட வேண்டியவை. அவற்றை அ, ஆ என்போம். குவளைக்கு 5 மில்லி ஜின்னும் 5 மில்லி தண்ணீரும் போதும். முகர்ந்து, வாயில் சுழற்றி, உமிழ்ந்துவிடலாம். வரிசையை வைத்து யாரும் ஊகிக்காதபடி ஆறு பேருக்கும் ஆறு வரிசைகள்: அஅஆ, அஆஅ, ஆஅஅ, ஆஆஅ, ஆஅஆ, அஆஆ. ஊற்றுபவர் அடுத்த அறையிலிருந்து ஊற்ற, பரிமாறுபவர் விடையறியாமல் பரிமாற வேண்டும். அறிந்தவரின் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

எத்தனை பேர் சரியாகச் சொன்னால் பேதம் மெய்யென்று ஒப்பலாம்? யாருக்கும் ஒன்றும் தெரியாமல் எல்லாரும் குருட்டாம்போக்கில் கைகாட்டினால் என்ன நேரும் என்பதைக் கணக்கிடுவோம். ஒருவர் மூன்று குவளைகளில் எதையும் காட்டலாம். அவற்றில் ஒன்று சரி, இரண்டு தவறு. ஆறு பேரையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றை ஆறுமுறை பெருக்கிய 729 விதமான விடைத் தொகுதிகள் உண்டு. ஆறு பேரும் சரியாயிருப்பது அவற்றில் ஒன்றே ஒன்று. ஐவர் மட்டும் சரியாயிருக்க வேண்டுமானால், தவறியவர் ஆறு பேரில் எவராகவும் இருக்கலாம், அவர் இரண்டு விதமாகத் தவறலாம், ஆக 12. இதே முறையில் எண்ணினால் நால்வர் சரியாயிருப்பது 60 விதம், இருவர் சரியாயிருப்பது 240 விதம்.

ஆகவே இருவர் சரியாகச் சொன்னார்கள் என்றால் அது குருட்டு அதிர்ஷ்டத்தின் சாதாரண விளைவு, ஒன்றும் நிரூபணமாகவில்லை. நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ சரியென்பது 729-ல் 73, அதாவது பத்தில் ஒரு முறை தானே நிகழக்கூடியது. ஆசை காட்டும், ஆனால் சாட்சியாகாது. ஐவரோ அறுவரோ சரியென்றால் 729-ல் 13, ஐம்பத்தாறில் ஒன்று; அப்போது பேதம் மெய்யென்று ஒப்புவது நியாயம். 1935-ல் ரொனால்டு ஃபிஷர் தம் பரிசோதனை நூலில், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்ற ஒரு பெண்மணியை எட்டுக் கோப்பைகளால் சோதிக்கும் வழியை இவ்விதமாகவே ஆராய்ந்தார். அங்கே குருட்டு அதிர்ஷ்டத்துக்கு எழுபதில் ஒரு வாய்ப்புதான் இருந்தது.

இந்தச் சோதனையில் தேறிய பிறகே, இதில் ஜூனிப்பர் ஓங்குகிறது, அதில் தனியா ஓங்குகிறது என்று வர்ணிக்கப் புகுவது முறை. அப்போதும் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிவைத்துப் பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் வாய்விட்டு ஏலக்காய் என்று சொன்னால், அடுத்த கணமே அறையில் எல்லாருக்கும் ஏலக்காய் மணக்கத் தொடங்கிவிடும்.

நாசிக்கு எட்டாதது

பயின்ற நாசியும் நம்பத்தகாத ஓர் இடம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிப்பது தகாது. மெத்தனால் என்னும் விஷச் சாராயம் நிறத்திலும் மணத்திலும் சுவையிலும் குடிக்கும் ஆல்கஹாலைப் பெரிதும் ஒத்தது. உடலுக்குள் சென்றபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுத்து உயிரையும் வாங்குகிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டது மெத்தனால் கலந்த சாராயத்தால். அவர்களுடைய நாக்கு அவர்களை எச்சரிக்கவில்லை. தேர்ந்த ருசிகரின் நாக்கும் எச்சரித்திராது. ஆய்வுக்கூடக் கருவி ஒன்றே அதைக் காட்டிக்கொடுக்க வல்லது. வீட்டில் மது வடிப்பது சட்டப்படி குற்றமென்பதோடு, ஊர் பேர் தெரியாத சாராயத்தை முகர்ந்து பார்த்து நல்லதென்று தீர்மானிப்பது அறிவீனமுமாகும்.

முடிவு

ஜின் வகைகளின் பேதம் கற்பனையன்று. அடிச்சாராயம் தானிய மணமுள்ளதா வெறுமையானதா, சரக்கு ஊறிற்றா ஆவியில் நனைந்ததா, பின்னர் சர்க்கரை சேர்ந்ததா இல்லையா என்ற மூன்று கேள்விகளில் அந்தப் பேதம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஜெனீவரையும் லண்டன் டிரையையும் பிரித்தறியப் பயிற்சி அதிகம் வேண்டாம். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு லண்டன் டிரைகளைப் பிரித்தறிவது கடினம். விலை மட்டுமே வேறாயிருக்கும் இரண்டைப் பிரித்தறிந்தேன் என்பவரை மூன்று குவளைகளுக்கு முன்னே உட்கார வைக்காமல் நம்ப வேண்டியதில்லை.

மது வேண்டாதவர் இதே சோதனையை இரண்டு கடைகளின் காப்பிப் பொடியைக் கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பார்க்கலாம். பாலும் சர்க்கரையும் சேர்க்காமல், ஒரே அளவு டிகாக்ஷனாக, வீட்டில் ஆறு பேருக்குக் கொடுங்கள். விடைகளைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஐவராவது சரியாகச் சொல்லவில்லையென்றால் மறு மாதம் முதல் விலை குறைந்த பொடியையே வாங்குங்கள்.